தீர விசாரித்தல்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைப்பேசி வழியாக நாடோறும் நம்மை வந்தடையும் செய்திகளை எவ்வாறு பரீட்சித்து ஏற்பது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இஃது அற்ப விஷயமன்று. உயிர் சம்பந்தமான விஷயம்.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வக் கோயிலை நாடித் திருவண்ணாமலை ஜில்லா போளூருக்கு அருகிலுள்ள அத்திமூர்ப் பக்கம் காரில் சென்றனர். வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு சாக்லேட் கொடுத்தனர். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறதென்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய ஜனங்கள் அவர்களைச் சூழ்ந்து அடித்தனர். 65 வயது மூதாட்டி உயிர் துறந்தார். உடன் சென்றோர் படுகாயமுற்றனர். குலதெய்வத்தை நாடி அயலூர் செல்வது நம் குடும்பங்களிலும் உள்ள வழக்கமன்றோ? அந்த வண்டியில் நம் வீட்டுப் பாட்டி இருந்திருக்கலாகாதா? அடித்தவர்களும் தம் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணினர். விசாரியாத அன்பு கொலையில் முடிந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் உலவிய ஒரு படம், இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டிற்று. அது பெற்றோரை எச்சரிக்கும் பொருட்டுக் கராச்சியில் எடுக்கப்பட்ட நடிப்பு. குழந்தையைத் திரும்பக் கொணர்ந்து விட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். ஆகவே, கண்ணால் கண்டோம் என்பது மட்டும் போதாது. தீர விசாரிப்பதே மெய்.

விசாரிப்பது எங்ஙனம்? இதனை முதலில் சொன்னவர் யார்? எந்தத் தேதியில், எந்த ஊரில் நடந்தது? பொறுப்புள்ள பத்திரிகைகளோ சர்க்கார் அறிக்கையோ இதனை உறுதி செய்கின்றனவா? உடனே பலருக்கும் அனுப்புக என்று அவசரப்படுத்துகிறதா? இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். படமாயின், அப்படத்தையே கூகுளிற் கொடுத்துத் தேடினால், முன்னர் எங்கு வெளிவந்ததென்பது பல சமயங்களில் புலனாகும்.

நம் குற்றத்தையும் மறைக்கலாகாது. பிறரைத் தாழ்த்தும் செய்தியைச் சந்தேகிக்கும் நாமே, நம் குலப் பெருமை பேசும் செய்தியாயின் ஒரு கேள்வியுமின்றிப் பரப்பிவிடுகிறோம். பொய்யால் வந்த பெருமை பெருமையாகாது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியார், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவொட்டாமல் இந்தியாவில் வரம்பு கட்டுவதாக அறிவித்தனர். கம்பெனியார் நம் விரலைத் தடுக்கலாம். மனத்தைத் தடுக்க வேண்டியவர்கள் நாமே. வாலிபர்கள் பெரியோருக்குத் தேடும் விதத்தைக் கற்பிப்பார்களாக. பெரியோர் வாலிபர்களுக்குப் பொறுமையைக் கற்பிப்பார்களாக. விசாரியாத செய்தியை ஒருவருக்கும் அனுப்புவதில்லையென்று இன்றே உறுதி கொள்வோமாக.