கூரையைப் பிரித்தவர்கள்



கப்பர்நாகுமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதமுற்ற மனிதரை நாம் அறிவோம். மாற்கு நற்செய்தி இரண்டாம் பிரிவில் வருகிறார். அவரால் தாமாக வர முடியவில்லை. நால்வர் சுமந்து வந்தார்கள். வாசலில் கூட்டம் என்றதும் அவரைத் தெருவிலேயே விட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்பவில்லை.

மனம் வாடிய குழந்தையும் தானாக மருத்துவரிடம் போவதில்லை. பல வேளைகளில் முதலில் கவனிப்பவர் ஆசிரியர்தான். கலகலப்பாக இருந்த பிள்ளை மூன்று மாதமாக யாரோடும் பேசுவதில்லை, மதிய உணவைத் தொடுவதில்லை. தாயை அழைத்துச் சொல்கிறார். தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். அதில் ஒன்றரை வரி. போய்ப் பார்த்தால் மனநல மருத்துவர் இருக்கும் நாள் வேறு. அன்றைய கூலி போயிற்று, பேருந்துச் செலவும் போயிற்று. அடுத்த முறை கிளம்பும்போது சீட்டைக் காணோம். நம் காலத்து வாசல் கூட்டம் இதுதான்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு காணப்பட்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

இன்று நம் எல்லார் கையிலும் அலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார். எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை போக வேண்டும் என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வோம். கொடுத்த சீட்டை உடனே படம் எடுத்து வைப்போம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. ராபர்ட் குட்மன் என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்ட, 25 கூற்றுகள் கொண்ட படிவம் தமிழிலும் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம். அது நோய்க்குப் பெயர் சூட்டாது. ஆனால் "பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறான்" என்ற நம் கவலையை மருத்துவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஆக்கித் தரும். தாயும் ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து அழுதுகொண்டே சொல்ல வேண்டியதில்லை.

அதே அலைபேசியால் கெடுதலும் செய்கிறோம். அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் "இன்னார் மகளுக்கு மனசு சரியில்லை, செபியுங்கள்" என்று போடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பத்து ஆண்டு கழித்து வரன் பார்க்கும்போதும் யாராவது ஒருவர் நினைவுபடுத்துவார். இந்தப் பயத்தில்தான் எத்தனையோ பெற்றோர் பிள்ளையின் துன்பத்தை மூடி மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. மருத்துவமனை காக்க வேண்டிய இரகசியத்தை நம் குழுவும் காக்கலாமே. பெயர் சொல்லாமல் செபித்தாலும் ஆண்டவருக்குத் தெரியும்.

செபக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறோம், நல்லது; மருத்துவரிடமும் அழைத்துப் போவோம். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாமல், எந்தச் சீட்டுக்கும் கிழமைக்கும் காத்திராமல், அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோவோம்.

முதல் முறை போவதைவிட இரண்டாம் முறை போவதுதான் கடினம். மருத்துவர் சொன்ன அடுத்த தேதிக்கு அலைபேசியில் நினைவூட்டல் போட்டுவைக்கலாம். ஆனால் அது பேருந்தில் கூட வராது. அன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் அந்தத் தாயோடு போகட்டும். சின்னப் பிள்ளை இருந்தால், அவர்கள் திரும்பி வரும் வரை இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும்.