அலோர் ஸ்டாரின் மஞ்சள் சோறு

கோலாலம்பூரிலிருந்து வரும் விருந்தாளியைக் கெடாவின் அலோர் ஸ்டாரில் பசியாறக் கூட்டிப்போய், நாசி லெமாக் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அவர் நினைத்திருப்பது தேங்காய்ப்பாலில் வெந்த வெள்ளைச் சோறு, சம்பால், வறுத்த நெத்திலி, வெள்ளரித் துண்டு, முட்டை. வருவதோ மஞ்சள் சோறு. மேலே இரண்டு மூன்று குழம்புகளைக் கலந்து ஊற்றியிருப்பார்கள். நாசி கண்டாருக்கு நெருங்கிய உறவு என்பது பார்த்ததுமே தெரியும். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோலச் சுமந்து விற்ற அதே குழம்புச் சோறுதான். நெல் விளையும் கெடாவில் நாட்டின் பொதுவுணவே அந்தக் குழம்பில் குளித்து எழுந்திருக்கிறது.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் முன்னிற்கின்றன. பின்னிரண்டும் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் வளர்ந்தவை, நமக்குப் பெருமைதான். பண்டத்தை மட்டும் பார்க்காமல், பல இனத்தார் சேர்ந்து பசியாறும் வழக்கத்தையே மதித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. சேர்ந்து உண்பது என்றால் எல்லாரும் ஒன்றையே உண்பது என்றில்லையே. “மாட்டுக்கறிக் குழம்பு படவேண்டாம், பாய்” என்று சொல்லித்தான் நம்மில் பலர் தட்டை நீட்டுகிறோம். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை, கரண்டியை மாற்றிக்கொள்கிறார்.

ஆனால் அந்த மூன்றும் கடையில் விற்பவை. பெடோங், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய பால்வெட்டுத் தொழிலாளி எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தார்? லயத்து வீட்டு அடுப்பில் இருந்தது பழைய சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. ஜப்பானியர் காலத்தில் அரிசி அருகியபோது மரவள்ளிக் கிழங்கே உயிரைப் பிடித்து வைத்தது. அந்த அடுப்பில் மலாய்க் கம்பத்துப் பிளாச்சான் என்னும் இறால் பசை சம்பாலுக்குள் நுழைந்தது, செராய் என்னும் எலுமிச்சைப் புல் குழம்புக்குள் நுழைந்தது. அமைச்சு எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாசனை சொன்னது. என்னைக் கேட்டால், ரொட்டி சானாயைவிட அந்தச் சம்பாலே அசல் மலேசியச் சமையல்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, சமைத்தவர்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வாழையிலைக் கடைக்காரர் யாராவது காலையில் மரவள்ளிக் கிழங்கும் அந்தச் சம்பாலும் வைத்தால் நான் வருகிறேன். கம்பத்து நண்பர் ஒருவரையும் அழைத்து வருவேன். அவியல் கிழங்கும் சம்பாலும் அவர் வீட்டிலும் உண்டு; பிளாச்சான் போதவில்லை என்று முதலில் குறை சொல்லப்போவது அவர்தான்.