ஜங்ஷனும் டெர்மினஸும்

வள்ளியூரில் ரயிலேறி வடக்கே போனால் திருநெல்வேலி ஜங்ஷன் வரும். தெற்கே போனால் கன்னியாகுமரியில் பாதையே முடிந்துவிடும். 1981-இல் திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை திறந்ததிலிருந்து நமக்குக் கிடைத்த வசதி இது.

பெரிய ஸ்டேஷனைத்தான் ஜங்ஷன் என்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வந்த வழி போக, குறைந்தது இரண்டு வழிகளாவது பிரிய வேண்டும், அதுதான் ஜங்ஷன். திருநெல்வேலியில் நான்கு திசையிலும் தண்டவாளம் உண்டு: மணியாச்சி, தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில். அந்த வட்டாரத்துக்கே ஜங்ஷன் என்று பெயர் நிலைத்துவிட்டது.

டெர்மினஸ் என்பது கடைசி நிலையம். கன்னியாகுமரியில் தண்டவாளத்தின் முனையில் தடுப்புக்கட்டை நிற்கும். வந்த வண்டி திரும்ப வேண்டுமென்றால், இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். சென்னை சென்ட்ரலும் இப்படித்தான். எழும்பூர் அப்படியல்ல, அங்கே பாதை தொடர்ந்து போகிறது.

டெர்மினஸில் தூங்கிப்போனாலும் ஊர் தாண்டாது. ஜங்ஷனில் அப்படியில்லை, வண்டிகள் பல திசைகளுக்கும் பிரியும். அதனால் வீட்டுப் பெரியவர்களைத் தனியே அனுப்பும்போது, பெட்டியில் மாட்டியிருக்கும் ஊர்ப்பலகையைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள்.