பயற்றுக்குள் குடியிருக்கும் வண்டு

பாரிட் புந்தார் வட்டாரம் நெல் விளையும் பூமி. அரிசியில் விழும் வண்டை நாம் எல்லோரும் அறிவோம். பச்சைப் பயற்றிலும் தட்டைப் பயற்றிலும் விழுவது அதே வண்டுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அரிசி வண்டுக்கு நீண்ட மூக்கு உண்டு; பயறு வண்டுக்கு இல்லை. அரிசியிலிருந்து அது பயற்றுக்கு வருவதுமில்லை.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது? கொல்லையில் காய் முற்றிக் காயும்போதே வந்துவிடுகிறது. கடைச் சாமானோடும் வரும். பயற்றின் தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. முட்டையின் அடியிலேயே தோலைத் துளைத்து, புழு உள்ளே போய்விடும். பருப்பைத் தின்று வளர்ந்து, மூன்று நான்கு வாரங்களில் வட்டமான துளையிட்டு வண்டாக வெளிவரும். வந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. முட்டையிட்டு, இரண்டொரு வாரத்தில் மடிந்துவிடும்.

ஒரு தாயின் முட்டைகளில் ஐம்பது பிழைத்து, பாதி பெண்ணானால், அடுத்த தலைமுறையில் 1,250 வண்டுகள்! நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் வெயில். அவற்றுக்கு ஓய்வே இல்லை. துளைபட்ட பயறு குழம்புக்கும் உதவாது, விதைத்தால் சரியாக முளைக்கவும் செய்யாது.

செய்ய வேண்டியது என்ன? பயற்றை நன்றாகக் காயவைத்து, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் பூச்சி வளராது. மேற்கு ஆப்பிரிக்காவில் உழவர்கள் மூன்றடுக்குப் பைகளில் தட்டைப் பயற்றைக் காப்பதும் இந்த முறையில்தான். சமையலுக்கு வைக்கும் பயறானால், ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறலாம். முட்டை மூச்சடைத்துச் சாகும். வேப்பிலை போடுவது வழக்கந்தான். ஆனால் உள்ளிருக்கும் புழுவை அது எட்டாது. குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் ஒரு வாரம் வைத்தால் புழுவும் சாகும். விதைக்கென்று வைப்பதை முதலில் நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும். உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாக நாடுவதில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தோட்டத்தில் தெளிக்கும் மருந்தை உண்ணும் பயற்றில் ஒருபோதும் கலக்காதீர்கள். வண்டு தின்றால் நஷ்டம் ஒரு கிலோ பயறு. மருந்து கலந்தால் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.