நரம்பும் தசையும் கூடுமிடம்



இயக்க நரம்பணு நோய் என்று தமிழில் சொன்ன அளவிலேயே நோயுறுவது எது என்பது விளங்கிவிடுகின்றது. பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1874-இல் இதற்கு இட்ட பெயரையோ ஆங்கிலம் கற்றோரும் அகரமுதலி பாராமல் அறியார். அது நிற்க. இறந்தோரின் தண்டுவடத்தை அறுத்துப் பார்த்து, ஆங்கே நரம்பணுக்கள் கெட்டிருக்கக் கண்டவர் அவர். ஆகவே முதலில் அணு மாய்கின்றது, பின்னர்த் தசை சூம்புகின்றது என்றே நெடுங்காலம் கருதினர். முடிவைக் கண்ட இடத்தையே தொடக்கமாகவும் கொண்டனர்.

தண்டுவடத்து நரம்பணுவின் இழை காலடித் தசைவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கின்றது. ஆயினும் அது தசையைத் தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு வெளி இடையே உண்டு. இவ்விடத்தைச் 'சந்தி' என்று எழுதுவார் உளர். கூடுதுறை என்பதே பொருந்தும். துறைக்கு இக்கரையும் அக்கரையும் உண்டன்றோ? கட்டளை வந்தவுடன் இழைமுனையிலுள்ள நுண்பைகளிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு அக்கரை சேர்கின்றது, தசை சுருங்குகின்றது.

அம்முனைக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி அணுவுடலில் ஆக்கப்பெற்று இழைவழியே வரவேண்டும். விரைந்து வருவதும் நாளொன்றுக்கு நாற்பது சென்டிமீட்டர் அளவே கடக்கும். மேல்மடையில் சிறு தடை நேரினும் முதலில் வாடுவது கடைமடைப் பயிரே.

2004-இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. இந்நோய்க்குரிய மரபணுப் பழுதுள்ள சுண்டெலிகளில் 47-ஆம் நாளிலேயே கூடுதுறைகள் பல அறுந்திருந்தன. தண்டுவடத்திலிருந்து புறப்படும் இழைகள் 80-ஆம் நாளுக்குள் பெரிதும் குறைந்திருந்தன. அணுவுடல்கள் மாய்ந்தது அதற்கும் பின்னர். மாந்தரில் நோய் மூளையிலேயே தொடங்குகின்றது என்பாரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

துறை அறுந்தும் தசை உடனே சோர்வதில்லையே, ஏன்? அண்டையிலுள்ள நரம்பிழை புதிதாய் முளைவிட்டு, கைவிடப்பட்ட தசைநாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. ஒன்று செய்த வேலையை மற்றொன்று சுமப்பதால் இழப்பு வெளியே தெரிவதில்லை. சுமக்கும் இழையும் நோய்வாய்ப்பட்டதே என்பதுதான் கொடுமை. அதுவும் வீழும்போது, அது தாங்கிய நார்கள் அனைத்தும் ஒருசேரத் தளர்கின்றன.

ஆகவே திறவுகோலைத் திருப்ப இயலவில்லை என்று ஒருவர் சொல்லும் நாள், நோயின் முதல் நாளன்று. அவரைச் சோம்பேறி என்று ஏசுவதும், செய்வினை என்று கயிறு கட்டுவதும் எஞ்சிய காலத்தையும் தின்றுவிடும். நோயுற்றோருட் பலர் இரண்டு முதல் ஐந்தாண்டுகளே வாழ்கின்றனர். 1995-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற ரிலுசோல் நோயின் விரைவைச் சிறிதே தணிக்கின்றது. 2023-இல் அங்கு இசைவு பெற்ற டோபர்சென் தண்டுவட நீரில் செலுத்தப்படுவது. அச்சுண்டெலிகளுக்கு இருந்த அதே மரபணுவில் பழுதுற்ற மிகச் சிலர்க்கு மட்டுமே அது உரியது.