அகதியும் நாமும்

(திருப்பதியில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இலங்கை அகதிகள் பிரச்சினையை இன்றைய கூட்டத்தில் பேசுவோம் என்று அறிவித்தவுடனே நம்மிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “மேஸ்திரி இரண்டு மாதக் கூலியைப் பிடித்து வைத்திருக்கிறான், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வாத்தியார் இல்லை, வாடகை ஏறிக்கொண்டே போகிறது, நம் பாடே பெரும்பாடாக இருக்கையில் அகதிக்கு எதற்கு மாநாடு?” நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இதோ இந்தச் சேஷாசலக் காட்டில், இந்தத் திருப்பதிக்குப் பக்கத்திலேயே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைக் காவல் படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். மரத்தைக் கடத்திக் கோடி சேர்த்தவன் எவனும் அந்த இருபதில் இல்லை. அந்த வாரம் பேருந்தில் தமிழ் பேச நாம் தயங்கினோம். பிள்ளையைக் கூப்பிடும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். வேற்றூர்க்காரன் என்றாலே சந்தேகத்துக்குரியவன் என்று ஒரு நாடு முடிவு கட்டிவிட்டால் வயிறு எப்படிக் கலங்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதே சமயத்தில் வேறொன்றும் நடந்தது. சுட்டவர்கள் மீது கொலை வழக்குப் பதிய வேண்டும் என்று ஐதராபாத்தில் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் யார்? குடிமை உரிமைக் குழுவின் பொதுச் செயலாளர் சிலகா சந்திரசேகர். தெலுங்கர். செத்தவர்களில் ஒருவரும் அவருக்கு உறவில்லை, ஊரில்லை, மொழியில்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கண்காணிப்பகத் தோழர்கள் சாட்சிகளைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நமக்காக அந்நியர் ஒருவர் பேசினார் என்ற கடன் நம் கணக்கில் இருக்கிறது. அகதியைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இனி அகதிகள் விஷயம். சித்தூரில் பேருந்து ஏறினால் வேலூர் எட்டிப் பிடிக்கிற தூரம். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறது, அது ஆந்திர எல்லைக்குக் கூப்பிடு தூரம். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடெரிந்து ஓடிவந்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 2021இல் அரசு சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேர். பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர்.

இவர்களில் பல்லாயிரம் பேர் மலையகத் தோட்டத்துச் சனங்கள் என்பதை நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இவர்கள் யார்? நம்மைப் போல வேலை தேடிப் போனவர்களின் வாரிசுகள். இன்று நம்மை மேஸ்திரி அழைத்து வருகிறான். அன்று அவர்களைக் கங்காணி அழைத்துப் போனான். முன்பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வித்தையும் அதேதான். கப்பலேறும் முன்பு கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த இடம் மண்டபம் முகாம். நூறு வருடம் கழித்து அகதிகளாகத் திரும்பி வந்தபோது அவர்களை இறக்கிவிட்டதும் அதே மண்டபத்தில்தான்!

1948இல் இலங்கை அரசு இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆடு மாடு பிரிப்பதைப் போல ஆளைப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்ட மக்களிலேயே ஒரு பகுதியினர், கலவரத்துக்குப் பயந்து கள்ளத்தோணி ஏறி வந்த ஒரே காரணத்துக்காக, இன்று சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அகதி என்ற ஆளே நம் சட்டத்தில் கிடையாது. அயல்நாட்டான் மட்டுமே உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், உயர்நீதிமன்றம் வரை போய் 2022இல் கடவுச்சீட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் வாக்களித்தார். இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்கு அடைபட்டிருக்கும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகோ, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே போதும், இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்புரிமை கிடையாது. கடலையே பார்க்காத பிள்ளை கடல் தாண்டி வந்த குற்றத்தைச் சுமக்கிறது.

2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அதே வருடம் ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாமிலுள்ள இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை மனுக்களை மத்திய அரசு தளர்வுடன் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய அயல்நாட்டார் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு வந்தது. சிறைப் பயம் நீங்கியது, நல்லது. ஆனால் அது குடியுரிமை அல்ல. 2022இல் இலங்கையில் அரிசிக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்திறங்கினார்களே, அவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

தமிழ்நாட்டு அரசு 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டி வீடுகளும் கட்டிக் கொடுத்தது. பத்துக்குப் பத்து தகரக் கொட்டகையில் முப்பது வருடம் கிடந்தவர்களுக்கு அது பெரிய காரியம். குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் பட்டம் படித்த பையன் அரசு வேலைக்கு மனுப் போட முடியாமல் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். திருச்சி சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் என்ற பெயரில் ஒரு சிறை நடக்கிறது.

2025 மே மாதம் உச்சநீதிமன்ற அமர்வு ஒன்று, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று சொன்னது. சத்திரங்களால் பெயர் பெற்ற ஊரில் வாழ்கிறவர்கள் நாம். சத்திரத்தில்கூட நாள் கணக்கு உண்டு. ஆனால் வந்தவனை உள்ளேயும் விடாமல், வெளியேயும் அனுப்பாமல் நாற்பது வருடம் திண்ணையில் உட்காரவைக்கிற சத்திரத்தை நாம் பார்த்ததில்லை.

ஒரு சின்ன ஊரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் பிலோயீலா என்று ஆறாயிரம் பேர் அளவிலான ஓர் ஊர். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார் படகேறிப் போன ஓர் ஈழத்தமிழர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச் 5 விடியற்காலை அதிகாரிகள் வீடு புகுந்து நால்வரையும் கொண்டுபோனார்கள். சின்னவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண்கள் சிலர், அரசியல் அனுபவம் இல்லாதவர்கள், எங்கள் அண்டை வீட்டாரைத் திருப்பிக் கொடு என்று கிளம்பினார்கள். பழமைவாதக் கட்சிக்குச் செல்வாக்குள்ள பகுதி அது. கையெழுத்து வாங்கினார்கள், மந்திரிகளுக்கு எழுதினார்கள், மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். 2019 ஆகஸ்டில் குடும்பத்தை விமானத்தில் ஏற்றியே விட்டது அரசு. விமானம் பறக்கும்போதே நீதிமன்றத் தடை வாங்கி டார்வினில் இறங்க வைத்தார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைத்தார்கள். 2021இல் சின்னவள் கடும் நோயில் விழுந்து பெர்த் மருத்துவமனைக்குப் போன பிறகே நாடு முழுவதும் உறைத்தது. 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 10 அன்று அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் வந்தது. நான்கு வருடத்துக்கு மேல் சலிக்காமல் நின்றார்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது.

தமிழன் என்பதால்தான் நாம் பேசுகிறோமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஐதராபாத் பாலாப்பூர் குடிசைகளில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ரோஹிங்கியாக்கள் அவர் நினைவில் இருக்கிறார்கள். சரியான கேள்வி. 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்சநீதிமன்றம், உயிருக்கான பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உண்டு என்றது. நம் ஆளுக்கு மட்டும் நீதி கேட்டால், நாளை இங்கே தெலுங்கர் சிலர் தங்கள் ஆளுக்கு மட்டும் வேலை கேட்கையில் நாம் எந்த முகத்தோடு எதிர்ப்போம்? ஆகவே மனுவின் முதல் வரியிலேயே “எந்த நாட்டு அகதியானாலும்” என்று எழுதியிருக்கிறோம். சிலருக்கு இதில் மனவருத்தம் உண்டு. செயற்குழுவில் விவாதித்துத்தான் முடிவு செய்தோம்.

மனுவில் நான்கு கோரிக்கைகள். அகதிகளுக்கென்று ஒரு சட்டம் வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை வேண்டும். 2015க்குப் பின் வந்தவர்களையும் பதிவு செய்ய வேண்டும். சிறப்பு முகாமை மூட வேண்டும். தெலுங்கிலும் தமிழிலும் தயாராக இருக்கிறது. திருப்பதி, சித்தூர் இரண்டு மாவட்ட ஆட்சியர்களிடமும் கொடுத்து, அவர்கள் வழியாக தில்லிக்கு அனுப்பக் கேட்போம். நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் நகல் போகும்.

வாசல் பக்கத்து மேசையில் தாள்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். செங்கல் சூளைக்கும் மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கும் இன்று விடுமுறை இல்லாததால் வர முடியாதவர்களுக்காக ஆளுக்கு ஐந்து தாள் எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்திடமும் காட்டுங்கள். மறுத்தால் சண்டைக்குப் போகாதீர்கள், தெலுங்குத் துண்டறிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் தாள்கள் சங்க அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.