அரியர் விழுந்தால் அத்தோடு முடிந்ததா?

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பி.எஸ்ஸி. முதலாண்டில் வேதியியலில் அரியர் விழுந்ததும், 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவுகட்டி விசாவுக்கு அலைகிறோம். மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டும்தானா?

கடைத்தெருவைப் பாருங்கள். நம்மில் பலர் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். சுவரில் தொங்கும் பார்மசிஸ்ட் சான்றிதழ் யாருடையது? சில கடைகளில் அது மாத வாடகைக்கு வாங்கியது! டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்கே உண்டு என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம். மீறுவது தண்டனைக்குரிய குற்றம். அதைவிடப் பெரிது, மாற்றிக் கொடுத்த ஒரு மாத்திரை உயிரையே பறித்துவிடும்.

அந்தச் சான்றிதழை உங்கள் மகனோ மகளோ பெறலாமே! டி.பார்ம். இரண்டாண்டுப் படிப்பு, பிறகு 500 மணி நேரப் பயிற்சி. பட்டம் வேண்டாம், நீட் வேண்டாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்துத் தேறியிருந்தால் போதும்.

இங்கும் வேதியியல் உண்டு. உழைக்காமல் தேற முடியாது. ஆனால் அன்றாடம் கையில் எடுக்கும் மருந்தைப் பற்றிய பாடம் என்பதால், கடையில் பழகிய பிள்ளைக்குப் பிடிபடும்.

சேருமுன், அக்கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையேல் பணமும் காலமும் வீண், பதிவும் கிடைக்காது. தமிழகத்தில் 2007இல் பெற்ற 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குரியவர்கள் சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

வணிகர்களே! வாடகைச் சான்றிதழைக் கழற்றுங்கள். அந்த ஆணியில் உங்கள் பிள்ளையின் பெயர் தொங்கட்டும்!